சிவலையும் மயிலையும்: ஒரு சவாரிச் சோடியின் கடைசிப் பத்து நாட்கள்

சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த வார இறுதியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்தில் இரண்டு நாள் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி நடந்தது. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சோடிகள் லொறிகளில் வந்து இறங்கின. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அதுதான் ஆண்டின் பெரிய சவாரி. அதற்கென்றே மாதக்கணக்கில் பழக்கிய ஒரு சோடியில் ஒரு மாடு திடலுக்கே வரவில்லை. மற்றது வந்தது, ஓடியது, முதல் நாள் வென்றும் காட்டியது; பிறகு ஆவணி பிறக்கும்வரை சீராக நடக்கவில்லை. இரண்டையும் பார்த்த மிருக வைத்தியர் என்ற முறையில் அந்த நிகழ்வை இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன். உரிமையாளரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவரையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தச் சோடிக்குக் கேடு திடலில் வரவில்லை. போட்டிக்கு முந்திய பத்து நாட்களில், மாட்டின் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு வீட்டில், நல்லதென்று நினைத்துச் செய்த மாற்றங்களால் வந்தது. தீனியோ ஓட்டமோ லாடமோ தண்ணீரோ, சவாரி மாட்டுக்குப் போட்டிக்கு முந்திய வாரத்தில் எதையும் மாற்றக் கூடாது. இந்த ஒன்றை நிறுவத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மாடும் வீடும்

சோடியில் வலப்பக்கம் பூட்டப்படுவது சிவலை, இடப்பக்கம் மயிலை. இரண்டும் வடக்கன் கலப்பு. வன்னி நாட்டு மாட்டைவிட உயரமும் கால் நீளமும் கூட, திமில் எடுப்பானது. சிவலைக்கு வயது ஆறு, மயிலை ஒரு வயது இளையது. இரண்டும் சேர்ந்து பல சவாரிகளில் ஓடியவை, ஒன்றின் ஓட்டத்தை மற்றது அறிந்தவை. ஒரு சோடியின் பெறுமதியில் பாதி இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. தனித்தனியே எவ்வளவு வேகமான மாடுகளாக இருந்தாலும் கால் ஒத்துவராவிட்டால் வண்டி நேராகப் போகாது.

2009இல், போரின் கடைசிக் கட்டத்தில், இந்தக் குடும்பம், ஊரில் எல்லோரையும்போல, பட்டியை அவிழ்த்துவிட்டுக் கையில் எடுத்ததோடு கிழக்கே நகர்ந்தது. மீள்குடியேறி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பட்டியில் ஒரு மாடும் இல்லை. குறி சுட்ட மாடுகள் காட்டோரங்களில் கட்டாக்காலிகளாகத் திரிந்தன. அந்தக் குறிக்கு உரியவர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. வன்னியில் சவாரித் திடல்கள் மறுபடி உயிர்த்தது இதற்குப் பிறகுதான். ஆகவே இங்கே ஒரு சவாரிச் சோடியைப் பல இலட்சம் பெறுமதியான சொத்து என்று மட்டும் பேசுகிறவர் பாதியைத்தான் பேசுகிறார். சவாரியே கூடாது என்று தூரத்தில் இருந்து சொல்கிறவர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். இந்த மாடுகளை யாரும் வெறுப்பில் வதைப்பதில்லை. வீட்டில் பிள்ளைக்கு முட்டை இல்லாத நாளிலும் மாட்டுக்கு முட்டை இருக்கும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

வண்டி ஓட்டுபவர் உரிமையாளரின் தங்கை மகன். மாமாவின் வயலில் வேலை செய்துகொண்டே இரண்டு மாடுகளையும் நாம்பன் (இளங்காளை) பருவத்திலிருந்து பழக்கியவர். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட சாட்சியம் அவருடையது.

பத்து நாட்கள்

மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்திருந்தது. வீட்டில் நெல் இருந்தது. ஆலையில் குறுணல் (உடைந்த அரிசி) மலிவாகக் கிடைத்தது. அதுவரை மாடுகள் தின்றுவந்தது வைக்கோல், வாய்க்கால் கரையில் வெட்டிய புல், காலை மாலை தவிடும் எள்ளுப் புண்ணாக்கும், இடைக்கிடை ஒரு கை ஊறிய உழுந்து. குறை சொல்ல முடியாத தீனி. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அது மாறியது. காலையில் குறுணல் கஞ்சி வந்தது. மாலையில் அரைத்த உழுந்துடன் பனங்கட்டியும் முட்டையும் வந்தன. ஒரு கொத்தில் தொடங்கிய குறுணல் சில நாட்களிலேயே மூன்று கொத்தைத் தாண்டியது. கூடவே வைக்கோல் பாதியாகக் குறைந்தது. வயிறு தொங்கினால் மாடு ஓடாது, ஒட்டியிருந்தால்தான் பாயும் என்பது சவாரிக்காரர் பலரின் நம்பிக்கை.

ஓட்டமும் மாறியது. வழக்கமாக ஒன்றுவிட்ட ஒரு நாள் அறுத்த வயலில் மெல்ல ஓட்டுவார்கள். முழு வேகம் வாரத்தில் ஒரு நாள்தான். இப்போது நாள்தோறும் முழு வேகம். அதுவும் வயலில் அல்ல, பங்குனி வெயிலில் இறுகிக் கிடந்த கிரவல் வீதியில். தூரம் குறைவு, நேர்வீதி, நேரம் பிடித்துப் பார்க்க வசதி என்பதே காரணம். போட்டி வாரத்துச் செவ்வாய்க்கிழமை இரண்டுக்கும் புது லாடம் கட்டினார்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் மாடுகள் தாங்கியிருக்கக்கூடும். தீனியும் ஓட்டமும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தன. கெட்டுக்கொண்டிருந்த குளம்பின் மேல் இறுகிய நிலத்தின் அடி நாள்தோறும் விழுந்தது.

திங்கட்கிழமை காலையே நுகம் ஒரு பக்கம் சாய்ந்து இழுத்ததாக மருமகன் பின்னர் சொன்னார். சிவலை தன் பாரத்தை மயிலையின் பக்கம் தள்ளியது. வீதி வளைவில் வலது முன்னங்காலை முழுதாக ஊன்றாமல் விரைவாக எடுத்தது. சாணமும் அன்று தளர்ந்திருந்தது. “மாமாவிடம் சொல்ல நினைத்தேன், டொக்டர். போட்டி நெருங்கும் நேரத்தில் அபசகுனமாகப் பேசாதே என்பார் என்று விட்டுவிட்டேன்” என்றார். நோயை முதலில் கண்டவர் நாணயக்கயிற்றை (மாட்டின் மூக்கணாங்கயிற்றை)ப் பிடித்திருந்தவர்தான். அவர் கண்டதைக் கேட்டு வாங்கும் ஏற்பாடு எங்கும் இருக்கவில்லை.

புதன் மாலை

அழைப்பு வந்தபோது சொல்லப்பட்ட முறைப்பாடு, லாட ஆணி ஏறிவிட்டது என்பதுதான். செவ்வாய் லாடம் கட்டி, புதன் மாடு நொண்டினால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். லாடம் கட்டியவர் மேல் வீட்டில் கோபமும் இருந்தது.

சிவலை கொட்டிலில் நின்ற விதமே வேறு கதை சொன்னது. முதுகை வளைத்து, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, முன்னங்கால்கள் இரண்டையும் குறுக்காக வைத்து நின்றது. மாட்டின் முன்னங்காலில் உள்விரல் குளம்பு அதிகப் பாரம் தாங்குவது. அங்கே நோகும்போது மாடு கால்களைக் குறுக்கே வைத்து, பாரத்தை வெளிவிரலுக்கு மாற்றிக்கொள்ளும். ஒரு காலில் ஆணி ஏறிய மாடு அந்தக் காலைத் தூக்கும். இப்படி இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துக் காத்துக்கொள்ளாது.

ஆனாலும் லாடத்தை முதலில் கழற்றச் சொன்னேன். ஆணித் துளைகளில் சீழோ இரத்தமோ இல்லை. இடுக்கியால் குளம்பை அழுத்தியபோது ஒரு புள்ளியில் மட்டும் நோவு காட்டவில்லை. நான்கு முன்விரல்களிலும், நுனியை நோக்கி எங்கே அழுத்தினாலும் காலை இழுத்தது. குளம்புக்கு மேலே உள்ள வளையத்தில் கை வைத்தால் சூடு தெரிந்தது. வாயிலும் குளம்புக் கவட்டிலும் கொப்புளம் இல்லை என்பதால், காலையும் வாயையும் தாக்கும் கால்வாய் நோயை ஒதுக்கினேன். பாம்புக்கடிக்குரிய வீக்கமும் இரத்தக் கசிவும் எங்கும் இல்லை. தொடையும் தோள்பட்டையும் இறுகியிருக்கவில்லை, சிறுநீர் நிறம் மாறவில்லை; ஆகவே ஓடிய களைப்பில் தசை சிதைந்த நோயாகவும் தெரியவில்லை.

அடுத்தது வயிறு. காலையிலிருந்து இரைமீட்கவில்லை என்றார்கள். உடல் வெப்பநிலை இயல்பில் இருந்தது. நாடி நிமிடத்துக்கு 90ஐத் தாண்டியிருந்தது. நல்ல மாட்டின் பெருவயிறு (இரைப்பையின் முதலாவது, மிகப் பெரிய அறை) நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு தடவை அசையும். இடது விலாவில் காதை வைத்தால் அது தெளிவாகக் கேட்கும். சிவலையின் விலாவில் ஓசையே இல்லை. தட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் ஒலி. சாணம் சாம்பல் நிறத்தில் கூழாக இருந்தது, புளித்த மணம், அதில் செரிக்காத குறுணல். குழாய் விட்டு எடுத்த பெருவயிற்று நீர் பால்போல வெளிறியிருந்தது. சோதனைத் தாளில் அதன் pH (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்கும் கீழே காட்டியது. இயல்பில் அது 6க்கும் 7க்கும் இடையில் இருக்க வேண்டும். குழாய் வழி எடுக்கும்போது காரத்தன்மையுள்ள உமிழ்நீரும் கலந்து வருவதால் அளவு சற்றுக் கூடியே காட்டும். அப்படியும் இவ்வளவு தாழ்ந்திருந்தது என்றால் உள்ளே நிலை இன்னும் மோசம்.

நோய் நிர்ணயம்: மாப்பொருள் மிகுந்த தீனியால் பெருவயிற்றில் அமிலத்தேக்கம், அதைத் தொடர்ந்த குளம்பு அழற்சி.

மயிலையையும் பார்த்தேன். அது தின்றது, இரைமீட்டது, நன்றாக நடந்தது. சாணம் மட்டும் தளர்ந்திருந்தது. வெளி விரல்களில் அழுத்தியபோது ஒருமுறை காலை அசைத்தது. அதை வீட்டார் பொருட்படுத்தவில்லை. அதுவும் அதே தீனியைத் தின்ற மாடு என்பதால் இரண்டையும் போட்டியிலிருந்து நிறுத்த வேண்டும் என்று அன்றே சொன்னேன்.

வயிறு கெட்டால் கால் ஏன் நோக வேண்டும்

உரிமையாளர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்வி.

மாடு தானாகச் செரிப்பதைவிட அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செரித்துக் கொடுப்பதே அதிகம். வைக்கோலும் புல்லும் மெதுவாக நொதிக்கும். அவற்றை மென்று, மீட்டு, மறுபடி மெல்லும்போது உமிழ்நீர் பெருகும். பெரிய மாடொன்று நாளில் 100 லீற்றருக்கு மேல் சுரக்கும். அந்த உமிழ்நீரில் அப்பச்சோடாவில் உள்ள அதே காரப்பொருள் இருக்கிறது. அதுதான் வயிற்றின் அமிலத்தை நாள் முழுதும் தணித்துக்கொண்டிருப்பது. குறுணலும் பனங்கட்டியும் சில மணி நேரத்தில் நொதித்துவிடும். அந்த வேகத்தில் பெருகுவது இலக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பக்டீரியாக்கள். நார்ச்சத்தைச் செரிப்பவை அமிலத்தில் மடிந்துபோகும். அதே நேரத்தில் வைக்கோலையும் குறைத்துவிட்டால் மாடு மெல்வது குறையும், உமிழ்நீர் குறையும், தணிக்க ஒன்றும் இருக்காது. கூட்டிய தீனியைவிட, குறைத்த வைக்கோல்தான் இந்த மாட்டை அதிகம் தாக்கியது என்று நான் கருதுகிறேன்.

பெருவயிற்றின் உட்சுவர் அமிலத்தில் வெந்ததும் நச்சுப் பொருட்கள் இரத்தத்தில் கலக்கின்றன. குளம்புக்குள் இருக்கும் எலும்பு, நுண்ணிய மடிப்புகளால் ஆன மென்திசு ஒன்றின் பிடிப்பில் குளம்புச் சுவரில் தொங்கிக்கொண்டிருப்பது. இரத்த ஓட்டம் கெட்டு அந்தத் திசு அழலும்போது பிடி தளர்கிறது. எலும்பு கீழிறங்கி அடித்தோலை நசுக்குகிறது. வெளியே காயம் ஒன்றும் தெரியாது. உடலின் முழுப் பாரமும் இறங்கும் இடத்தில் நோவு.

குதிரைக்கும் இதே நோய் உண்டு. அங்கே தானியம் நொதிப்பது பெருங்குடலில். குதிரைப் பந்தய உலகம் மிகவும் அஞ்சும் நோய்களில் ஒன்று இது. 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட், 1989இல் குளம்பு அழற்சியால்தான் கருணைக்கொலை செய்யப்பட்டது. 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ, அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் முறிந்து, மாதக்கணக்கான சிகிச்சையில் எலும்பு தேறிவந்த நிலையில், மற்றக் கால்களில் வந்த குளம்பு அழற்சியால் 2007 ஜனவரியில் இழக்கப்பட்டது. உலகின் சிறந்த வைத்தியர்கள் கூடி நின்றும் காப்பாற்ற முடியாத நோய். பிடி முழுதும் தளருமுன் கண்டுகொண்டால் மட்டுமே மீட்சி.

சிகிச்சை

குறுணல், உழுந்து, பனங்கட்டி எல்லாம் அந்தக் கணமே நிறுத்தப்பட்டன, வைக்கோல் மட்டும். குழாய் வழியாக அமிலமுறிவு மருந்து, நாளத்தில் திரவம், தயமின் (விற்றமின் பி1), வலிக்கும் அழற்சிக்கும் மெலொக்சிகாம். மறுநாள் காலை, வீட்டில் புல் மேய்ந்துகொண்டிருந்த நல்ல பசுவொன்றின் பெருவயிற்று நீரைக் குழாயால் எடுத்து வடித்துச் சிவலைக்குச் செலுத்தினோம். மடிந்துபோன நுண்ணுயிர்களை மறுபடி குடியேற்றும் பழைய, மலிவான முறை அது. அன்று மாலையே சிவலை இரைமீட்கத் தொடங்கியது. அப்பச்சோடாவை வீட்டிலேயே கரைத்துப் போத்தலால் வாயில் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அப்படி இறந்த மாடுகள் உண்டு. குழாய் விடத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

கால்களை வாய்க்கால் நீரில் காலையும் மாலையும் நிற்கவைக்கச் சொன்னேன். குதிரையில் நோயின் தொடக்கத்திலேயே குளம்பைப் பனிக்கட்டி நீரில் குளிர்விப்பது பயன் தருவது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. மாட்டில் அந்த அளவுக்குச் சான்று இல்லை. செலவும் தீங்கும் இல்லாததால் செய்தோம். கொட்டிலின் தரையில் மணல் கொட்டி மெத்தென்று ஆக்கியது அதைவிட உதவியது.

ஊசி

வியாழன் காலை சிவலை சற்றுத் தெளிந்து நின்றதும் எதிர்பார்த்த கேள்வி வந்தது. “ஊசி போட்டதும் கால் ஊன்றுகிறது. சனிக்கிழமை காலையில் இன்னொன்று போட்டால் ஓடிவிடும்தானே, டொக்டர்?”

“ஓடும், ஐயா. நோவு தெரியாது, அதனால்தான் ஓடும். பிடி தளர்ந்த எலும்போடு ஓடும்.”

அவர் பேசாமல் நின்றார். நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் இதற்கென்றே வந்திருந்தார்கள். ஊர் இளைஞர்கள் சோடியின் படத்தைப் பதாகையில் அச்சடித்து வீதியில் கட்டியிருந்தார்கள். இந்த நெருக்குதல்களை நான் சிறிதாக எண்ணவில்லை. அவருடைய இடத்தில் நிற்கும் எவருக்கும் அது பாரம்தான். இன்னொருவர் வேறிடத்தில் ஸ்டீரொயிட் ஊசி வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தார். குளம்பு அழற்சி உள்ள மிருகத்துக்கு அது நோயை இன்னும் மோசமாக்கும் ஆபத்து உண்டு என்று விளக்கினேன். சிவலையை நிறுத்த ஒப்புக்கொண்டார். மருமகன் அப்போதுதான் திங்கட்கிழமை கண்டதையெல்லாம் மாமாவின் முன்னால் சொன்னார். முடிவை உறுதிப்படுத்தியது என் விளக்கத்தைவிட அதுதான்.

மயிலையை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. நன்றாகத் தின்கிற, நன்றாக நடக்கிற மாட்டை ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கு என்னிடம் ஊகம் இருந்தது. கண்ணுக்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. தடுக்கும் அதிகாரமும் எனக்கு இல்லை. இலங்கையில் மிருகவதையைத் தடுப்பதற்குரிய சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அதன்படி தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. நோய் வெளித்தெரியாத ஒரு மாட்டைப் போட்டியிலிருந்து விலக்க அதில் வழி எதுவும் இல்லை.

சனியும் ஞாயிறும்

உறவினர் ஒருவரின் மாட்டை இரவலாக வாங்கி மயிலையுடன் பூட்டினார்கள். சனிக்கிழமை முதல் ஓட்டத்தில் வென்றார்கள். ஓடியது நல்ல ஓட்டம். எதிர்ச்சோடி பாதித் தூரத்திலேயே பின்தங்கியது. ஓட்டம் முடிந்து வண்டியைத் திருப்பியபோது மயிலை தலையை ஆட்டி ஆட்டி நடந்தது. முன்னங்கால் நோகும் மாடு, நோகும் கால் நிலத்தில் படும்போது தலையை மேலே எடுக்கும். கூட்டம் அதை வெற்றிக் களிப்பு என்று கண்டது.

ஞாயிறு இரண்டாம் ஓட்டத்தில் வண்டி தொடக்கத்திலேயே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மருமகன் துவரங்கம்பை ஓங்காமல் கயிற்றை இழுத்து நிறுத்திவிட்டார். கூச்சல் எழுந்தது, பணம் வாங்கிக்கொண்டு நிறுத்தினான் என்றுகூடச் சிலர் கத்தினார்கள். அந்த இளைஞர் செய்தது அந்த இரண்டு நாட்களிலும் திடலில் நடந்த மிகச் சிறந்த காரியம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அன்று மாலை மயிலை படுத்தால் எழ மறுத்தது.

குளம்பைச் சீவியபோது

குளம்பு அழற்சியின் தடயம் உடனே தெரிவதில்லை. மாட்டின் குளம்புக் கொம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வளர்கிறது. உள்ளே கசிந்த இரத்தம் அடிக்குளம்பின் வெளிப்பக்கம் வந்து சேர இரண்டு மாதமளவில் ஆகும். ஆனிக் கடைசியில் இரண்டு மாடுகளையும் கயிறு போட்டுச் சாய்த்துக் குளம்பைச் சீவினோம்.

சிவலையின் உள்விரல்களில் வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு, நடுவே இளஞ்சிவப்புக் கோடுகள். கத்தி இன்னும் இரண்டு சீவல் இறங்கியதும் வெள்ளைக் கொம்பு வந்தது. நோய் வந்து நின்று போயிருந்தது. மயிலையின் குளம்பில் முதல் சீவலிலேயே அடர் சிவப்பு. குளம்புச் சுவரும் அடியும் சேரும் வெள்ளைக் கோட்டில் இரத்தம் உறைந்து கருத்திருந்தது. வெளி விரலின் நுனிப்பக்கம் பிளந்து, அதற்குள் கிரவல் துகள் ஒன்று சிக்கியிருந்தது. அதைச் சுற்றிச் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. உரிமையாளர் குனிந்து அந்தத் துகளைக் கத்தி நுனியால் தாமே எடுத்தார். புதன்கிழமை நான் காட்ட முடியாமற்போனது அன்றைக்கு அவர் விரல் நுனியில் இருந்தது.

இரண்டு மாடுகளும் ஒரே தீனியைத் தின்றன, ஒரே வீதியில் ஓடின. ஒன்று வெளிப்படையாக நோயுற்றதால் நிறுத்தப்பட்டது. ஆனியிலேயே வயலில் இலேசாக ஓடியது. மற்றது நலமாகத் தெரிந்ததால் ஓடியது. ஆவணிவரை கொட்டிலில் கிடந்தது.

குதிரைக்கு என்ன செய்கிறார்கள்

இலங்கையில் குதிரைப் பந்தயம் இன்று பெரும்பாலும் நுவரெலியாவின் ஏப்ரல் பருவத்தோடு நின்றுவிடுகிறது. நம் மாடுகள் கிரவல் வீதியில் ஓடும் அதே சித்திரையில் அங்கே குதிரைகள் ஓடும். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது அதைவிடப் பெரிய பந்தயங்களிடம். அவையும் இழந்து இழந்துதான் கற்றன.

அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் 1984இல் ஒரே நாள் பந்தயமாகத் தொடங்கி, இன்று இரண்டு நாட்களில் 14 ஓட்டங்கள் நடக்கும் வார இறுதியாக வளர்ந்திருக்கிறது. 2019இல் அதன் முதன்மை ஓட்டத்தில், தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மங்கோலியன் குரூம் என்ற குதிரை பின்னங்கால் முறிந்து கொல்லப்பட்டது. அதன் பிறகு சுயாதீன வைத்தியர் ஒருவரைக் கொண்டு முந்திய நாட்களின் பரிசோதனைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். 2023இல் அதே திடலில், போட்டி நாளுக்கு முன்பே, காலைப் பயிற்சியில் இரண்டு குதிரைகளை இழந்தார்கள்: கோ ராக்கெட் ரைட் கால் முறிந்து, பிராக்டிகல் மூவ் இதயக் கோளாறு என்று கருதப்பட்ட காரணத்தால். ஆபத்து போட்டி நாளுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் அந்த வாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் கோப்பையில் 2020இல், இங்கிலாந்தின் டெர்பியை வென்ற அந்தனி வான் டைக் என்ற குதிரை கால் முறிந்து இறந்ததும், மறு ஆண்டிலிருந்து வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை சி.டி. ஸ்கான் செய்த பிறகே ஓடவிடுகிறார்கள். எலும்பு பயிற்சியின் அடிக்கு ஏற்பத் தன்னைப் புதுப்பிக்கும். பழையதை அரித்தெடுக்கச் சில வாரங்கள், புதிதை நிரப்பப் பல மாதங்கள். அந்த இடைவெளியில் முழு வேகத்தை நெருக்கி நெருக்கிக் கொடுத்தால் நுண்விரிசல் முறிவாகிறது. அதனால்தான் தேர்ந்த பயிற்சியாளர்கள் கடைசிக் கடும் ஓட்டத்தைப் பந்தயத்துக்கு ஒரு வாரமளவில் முன்பே முடித்துவிட்டு, பிறகு இலேசான ஓட்டத்தோடு நிறுத்துகிறார்கள். தூரதேசம் போனாலும் பழகிய தீனியையே கொடுக்கப் பார்க்கிறார்கள்.

சி.டி. இயந்திரம் நமக்கு வேண்டியதில்லை. பெரிய பந்தயங்களில் நாள்தோறும் நடப்பது மிக எளிமையானது: குதிரையைக் கடினமான நிலத்தில் நேராக நடத்தி, ஓட்டி, திரும்பி வரச் செய்து, வைத்தியர் பார்க்கிறார், காலைத் தடவிச் சூடு பார்க்கிறார், ஐயம் இருந்தால் விலக்குகிறார். அந்த விலக்கலை உரிமையாளர் மறுக்க முடியாது. தமிழ்நாட்டிலும் 2017 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, கால்நடை மருத்துவர் பார்த்த பின்பே சல்லிக்கட்டுக் காளைகள் வாடிவாசலுக்கு விடப்படுகின்றன. அந்தச் சட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. சவாரியை நேசிப்பவர்கள் தாமாகவே முன்வந்து இதைச் செய்தால், நாளை யாரும் வெளியிலிருந்து வந்து திடலைப் பூட்டத் தேவை வராது.

மயிலையின் குளம்பைச் சீவிய பின் உரிமையாளரும் மருமகனும் நானும் சேர்ந்து, போட்டியை நடத்திய சங்கத்திடம் மூன்று காரியங்களைக் கேட்டோம். போட்டிக்கு முந்திய வெள்ளி மாலை, பதிந்த சோடிகள் எல்லாவற்றையும் சீமெந்துத் தரையில் நடத்தி, திருப்பி, சாணமும் குளம்பும் பார்ப்பது. அப்போது உரிமையாளரிடம் கேட்பதற்கு முன் ஓட்டுபவரைத் தனியே கேட்பது. விலக்கப்படும் சோடிக்கு நுழைவுக் கட்டணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, அடுத்த போட்டியில் அதற்கு இடத்தை உறுதி செய்வது.

முதல் இரண்டுக்கும் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. மூன்றாவது இன்னும் பேச்சில் இருக்கிறது. பணம் திரும்பிப் போனால் மற்றவர்களும் காரணம் காட்டிக் கேட்பார்கள் என்கிறார்கள். என் கணிப்பில் மூன்றாவது இல்லாமல் மற்ற இரண்டும் நிற்காது. கட்டிய பணமும் காத்திருந்த ஓர் ஆண்டும் போய்விடும் என்று தெரிந்தால் எந்த உரிமையாளரும் வெள்ளி மாலைக்கு முன்னரே ஊசியைத் தேடிப் போவார். சீமெந்துத் தரையில் மாடு நன்றாகவே நடக்கும். தைப்பொங்கல் சவாரிக்கான பதிவு தொடங்குவதற்குள் இதை முடிவு செய்யச் சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறோம். கடிதத்தில் முதல் கையெழுத்து மயிலையின் உரிமையாளருடையது.